சிவப்புச் சீமெந்து முதல் மாபிள் வரை

தெஹிவளைப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் தொடர்மாடி ஒன்றில் என் தங்கச்சி வீட்டார் ஒரு வீடு வாங்கியிருக்கிறார்கள். ஏழாம் மாடி. 2024 இன் இறுதியில் அதைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார்கள். உள்ளே வெறும் சுவரும் கரடுமுரடான கொங்கிறீற்று நிலமும்தான் இருந்தன. கீழே விற்பனைக் கந்தோரில் ஓர் இளைஞர் தங்கச்சியின் கையில் நான்கு பக்கப் படிவமொன்றைக் கொடுத்தார். நிலத்துக்கு எந்த மாபிள், குளியலறைக்கு எது, சுவருக்கு எந்தப் பெயின்ட், பென்ரிக்கு எந்தப் பலகை, அதன் மேல் எந்தக் கல், கதவுக்கு எந்தப் பிடி. பதினைந்து நாட்களுக்குள் நிரப்பித் தர வேண்டும். தராவிட்டால் கம்பனி தன் விருப்பப்படி செய்துவிடும்.

"காக்கா, நீங்க படிச்சவர், பாத்துச் சொல்லுங்க" என்று தங்கச்சி அதை என்னிடம் நீட்டினாள். கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு மாபிளைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு சிறிய பெட்டிக்குள், இந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி இருந்தது. தங்கச்சி ஐந்து என்று எழுதினாள். ஐந்தாவது ஆள் எங்கள் உம்மா. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது.

முதலில் சொற்களில் இருந்து தொடங்குகிறேன். அது வாத்தியார்மாரின் பழக்கம். நமது வீட்டின் உட்புறத்தை ஒருமுறை பெயர் சொல்லிச் சுற்றி வாருங்கள். யன்னல், மேசை, கதிரை, அலுமாரி, சாவி, குசினி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. மேசையின் லாச்சி, வாசலின் இஸ்தோப்பு, வளவின் மூலையில் இருந்த கக்கூசு ஆகியவை ஒல்லாந்தருடையவை. வீடு கட்ட வரும் மேசன் பாஸின் 'பாஸ்' கூட ஒல்லாந்தச் சொல்தான். பிறகு வந்த ஆங்கிலம் சீமெந்தையும் பெயின்டையும் பென்ரியையும் தந்தது. இப்படி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றைக் கடன் வாங்கிய நாம், காலடியில் கிடப்பதற்கு மட்டும் யாரிடமும் சொல் கேட்கவில்லை. அது அன்றும் இன்றும் நமக்கு நிலம்தான். தமிழகத்தார் தரை என்பார்கள். வெளியே வயலும் நிலம், உள்ளே நாம் படுத்துறங்கும் இடமும் நிலம். இரண்டும் ஒரே மண்ணாக இருந்த காலத்தின் சொல் அது.

உம்மாவின் சிறுவயதில் எங்கள் பகுதி வீடுகளின் நிலம் உண்மையில் மண்தான். களிமண்ணைக் குழைத்துத் தட்டி, கையால் மெழுகுவார்கள். சில வீடுகளில் சாணியும் சேர்ந்தது. கடலோரத்தில் வெள்ளை மணலை அள்ளிவந்து பரப்புவார்கள். அழுக்கானால் வாரிக் கொட்டிவிட்டுப் புதுமணல் போடலாம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கடற்கல்லையும் சிப்பியையும் சுட்டு எடுத்தது. பெருநாள் வருகிறதென்றால் அதில் துளி நீலம் கலந்து வெள்ளையடிப்பார்கள். எதுவும் நிரந்தரமில்லை. மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி பெண்களின் கையில் விழுந்தது. மண்வீட்டைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் மாதக்கணக்கில் நிலம் மெழுகிய கையை மறந்துவிடுகிறார்கள். உம்மாவிடம் கேட்டால், மண்வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது.

அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்தது சீமெந்து. 1824 இல் இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் என்ற கொத்தனார் போட்லன்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். அது நம் கிராமங்களுக்கு வந்துசேர நூறு வருடங்களுக்கு மேல் எடுத்தது. 1950 இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின், கப்பலில் வந்த பொருள் உள்நாட்டுப் பொருளானது. அந்தத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தால் மூடப்படும்வரை, அதன் சீமெந்து எத்தனையோ ஊர்களின் நிலமாகிப் போனது.

எங்கள் வாப்பா 1986 இல் வீடு கட்டினார். நமது கிழக்கிலங்கை வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு உரியது. அப்போது தங்கச்சி கைக்குழந்தை. வாப்பா அவளுக்காகக் கட்டினார், கல் சுமந்தது நான். நிலம் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொங்கிறீற்றின் மேல் சாந்து பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, ஈரம் காயுமுன் சீமெந்துத் தூளையும் சிவப்புத் தூளையும் கலந்து மேலே தூவி, உருக்குக் கரண்டியால் மேசன் தேய்த்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தார். அந்தச் சிவப்பு, இரும்பின் ஒட்சைட்டு. சாதாரணமாகச் சொன்னால் துரு. வெடிப்பு ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காக நூல் பிடித்துச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டார். பிறகு ஒரு கிழமை ஈரச் சாக்கை விரித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது என் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து முதல் வேலையாகச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பேன்.

கரண்டியின் அழுத்தம் கூடினால் ஓர் இடம் கறுப்புச் சிவப்பாகும், குறைந்தால் வெளிறும். ஒரு வீட்டு நிலம் இன்னொரு வீட்டு நிலம்போல் இருக்காது. பெருநாளுக்கு முன் மென்சன் பொலிஷ் பூசி, பாதியாகப் பிளந்த பொச்சுமட்டையில் ஒரு காலை ஊன்றித் தேய்த்தால் முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும். ஆனாலும் வழுக்காது. முற்றிய சீமெந்தில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு கரையோரத்தில் நடந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கடல் சுவரைக் கொண்டுபோன இடங்களில் நிலம் மிஞ்சியிருந்தது. சிவப்பு, பச்சை, சாம்பல் என்று சதுரங்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. அவற்றை வைத்துத்தான் இது இன்னார் வீடு, இது இன்னார் குசினி என்று ஆட்கள் அடையாளம் கண்டார்கள். பச்சை நிலமொன்றின் நடுவில் ஒரு மனிதர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் போய் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இனி மாபிளுக்கு வருவோம். நாம் மாபிள் என்று சொல்வது உண்மையில் பளிங்குக்கல் அல்ல. சுட்ட மண் ஓடு. மத்தியதர வீட்டுக்கும் எட்டுகிற விலைக்கு அது இறங்கியதற்கு அடிப்படை 1840 இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் புரொசர் பெற்ற ஒரு காப்புரிமை. ஈரமான களிமண்ணை அச்சில் இடாமல், கிட்டத்தட்டக் காய்ந்த தூளை எந்திரத்தில் அழுத்துவது அவரது முறை. ஈரமண் காயும்போது சுருங்கி நெளியும், அழுத்திய தூள் அவ்வளவாக நெளியாது. ஒன்றைப்போல ஆயிரம் ஓடு செய்ய முடிந்தது அதனால்தான். ஹேர்பேர்ட் மின்ரன் இந்த முறையைப் பிடித்துக்கொண்டார். பூவேலை ஓடுகளிலும் பேர்பெற்ற அவரது ஸ்டோக் நகரத் தொழிற்சாலை, லண்டன் பாராளுமன்ற மாளிகையின் நிலத்துக்கும் ஓடு கொடுத்தது.

இலங்கையில் 1975 இல் சுவரோட்டுக் கம்பனியும் 1984 இல் நில ஓட்டுக் கம்பனியும் 1990 இல் இன்னொரு பெரிய கம்பனியும் தோன்றின. மண்ணுக்குக் குறைவில்லை. மீட்டியாகொடையில் வெண்களி இருக்கிறது, மாத்தளைப் பக்கம் பெல்ட்ஸ்பார் கல் இருக்கிறது. ஆனாலும் 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதிலிருந்து வெளிநாட்டு ஓட்டின் மோகம் நம்மை விட்டுப் போகவில்லை. 2020 இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் ஓடும் குளியலறைச் சாமானும் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டபோது, வீட்டை அரைகுறையில் விட்டு நின்றவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள்.

தொடர்மாடி என்ற சங்கதியே நமக்குப் புதிதுதான். வேறொருவரின் கூரையை நம் நிலமாகக் கொண்டு அதற்கு உறுதி எழுதுவது எப்படி? காணி இல்லாத வீட்டுக்குச் சொந்தக்காரர் யார்? இதற்கு 1970 இல் ஒரு சட்டம் வந்து, 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அதே 1973 இன் முதலாவது சட்டம், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு போட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒன்று கையில் இருந்த வீட்டைக் குறைத்தது, மற்றது ஆகாயத்தில் வீடு வாங்க வழி செய்தது. காணியும் படிக்கட்டும் லிஃப்ட்டும் எல்லோருக்கும் பொது. கதவுக்கு உள்ளே இருப்பது நமக்கு. அதனால்தான்போலும், மாடிவீடு வாங்குகிறவர்கள் உள்ளே பதிக்கும் ஓட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்கள். வெளியே தங்கள் விருப்பத்தைக் காட்ட ஒரு செவ்வரத்தை நட இடமில்லை.

படிவத்தின் இரண்டாம் பக்கம் பென்ரி. இதன் வரலாறு எனக்கு எதிர்பாராத சுவையைத் தந்தது. மேலும் கீழும் அலுமாரி, நடுவில் ஒரே மட்டத்தில் கல், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் என்ற இந்த அமைப்பின் தாய் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் 1926 இல் பிறந்தது. முதலாம் உலக யுத்தத்தின் பின் வீடில்லாத் தொழிலாளருக்காக நகரசபை மாடிவீடுகளைக் கட்டியபோது, குசினியைத் திட்டமிடும் வேலை மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் கட்டடக் கலைஞரிடம் வந்தது. அவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் சமைக்க எத்தனை எட்டு வைக்கிறாள் என்று அளந்தார். ரயில் உணவுப் பெட்டியின் குசினியை முன்மாதிரியாகக் கொண்டார். நீளம் மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு, அகலம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மாவுக்கும் அரிசிக்கும் பெயர் எழுதிய அலுமினிய லாச்சிகள். ஈ மொய்க்காது என்று நம்பி நீலப் பெயின்ட். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இதை வரைவதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பின்னர் நாஸிகளை எதிர்த்து நான்கு வருடங்களுக்கு மேல் சிறையில் கிடந்து, 2000 ஆம் ஆண்டு, நூற்று மூன்று வயதை நெருங்கும்போது காலமானார்.

அந்தக் குசினிக்கு எதிராக அப்போதே எழுந்த முறைப்பாடு ஒன்றுண்டு. அதற்குள் ஒருவர்தான் நிற்கலாம். உம்மாவும் மகளும் சேர்ந்து சமைக்க முடியாது, பிள்ளை காலடியில் விளையாட முடியாது. தெஹிவளை வீட்டின் வரைபடத்தில் குசினியைப் பார்த்தபோது எனக்கும் அதுவே பட்டது. எங்கள் ஊர்க் குசினியில் உம்மா நிலத்தில் குந்தித் திருவலையில் தேங்காய் துருவுவார், பக்கத்தில் ராத்தா மீன் கழுவுவார், அடுத்த வீட்டு மாமி கதவுநிலையில் சாய்ந்துகொண்டு கதை சொல்வார். அளந்து பார்த்தால் வீணான எட்டுகள் நூறு இருக்கும். தங்கச்சியோ இந்தக் குசினியைப் பார்த்துத்தான் பூரித்துப்போனாள். தினமும் வேலைக்குப் போய்வருகிறவள். எட்டுக் குறைந்தால் அவளுக்கு மிச்சம். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பென்ரியின் பலகைக்கு மேல் ஒட்டும் போர்மிகா பற்றி ஒரு வரி. 1913 அளவில் அமெரிக்காவில் மின்சாரப் பொருட்களுக்குக் காப்பாகப் பயன்பட்ட மைக்காவுக்குப் பதிலாகச் செய்யப்பட்டதால், மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அமைந்த பெயர் அது. குசினிக்கு வந்தது பிறகுதான். பெயின்டில் எதைத் தெரிந்தாலும் பெரிய வேறுபாடில்லை என்று இளைஞர் சொன்னார். நிறத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் வெள்ளைப் பெயின்டில் நெடுங்காலம் வெண்மை தந்தது ஈயம். வீட்டுக்குள் வெள்ளீயப் பெயின்ட் பூசுவதற்கு எதிராகச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1921 இலேயே உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் பெயின்டின் ஈய அளவுக்குச் சட்ட வரையறை நடைமுறைக்கு வந்தது 2013 இல். பழைய வீட்டுக் கதவைச் சுரண்டும்போது பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விடயத்துக்கு வருகிறேன்.

வாப்பாவின் சிவப்பு நிலம் 2018 வரை இருந்தது. மூலைகளில் வெடித்திருந்தது. தங்கச்சியின் மூத்த பிள்ளைக்கு ஓதி முடித்த விருந்து வைக்க இருந்தோம். கொழும்பிலிருந்து சம்பந்தக்காரர் வருவார்கள், இந்த நிலத்தில் எப்படி உட்காரவைப்பது என்று எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. கல்முனைக்குப் போய், கடையிலேயே அதிகம் மினுங்கிய வெள்ளை ஓட்டைத் தெரிந்தெடுத்து வந்தேன். பழைய நிலத்தைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டினார்கள். பதித்து முடித்த அன்று உம்மா காலை வைத்துப் பார்த்துவிட்டு, "கால் நிக்குதில்ல மகன்" என்றார். பழகிவிடும் என்று சொன்னேன். 2021 இல் ஒரு விடியற்காலை, ஒளூச் செய்துவிட்டு ஈரக்காலோடு வந்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது நான்கு கால் கம்பியைப் பிடித்துத்தான் நடக்கிறார். நான் மனைவி வீட்டில் இருப்பவன். தனியாக அவரை அந்த வீட்டில் விட முடியாது என்பதால்தான் தெஹிவளைக்கு அழைத்துப்போகும் ஏற்பாடு.

ஓடு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு அளவு இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் அறிந்தேன். ஜேர்மனியில் இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஒரு சாய்பலகையில் ஓட்டைப் பதித்து எண்ணெய் ஊற்றுவார்கள். சப்பாத்து அணிந்த ஒருவர் அதில் முன்னும் பின்னும் நடப்பார். பலகையை மெல்ல மெல்லச் சாய்ப்பார்கள். எந்தக் கோணத்தில் அவர் கால் தடுமாறுகிறதோ, அதை வைத்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிப்பார்கள். ஆர் 9 என்றால் வெறும் 6 முதல் 10 பாகை. வெறுங்காலுக்கு வேறு சோதனை, அதில் சவர்க்காரத் தண்ணீர். 12 பாகை தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. அதாவது எந்திரம் கொண்டு அல்ல, ஒரு மனிதனின் காலைக் கொண்டே இன்றும் அளக்கிறார்கள். உம்மாவும் அதைத்தான் செய்தார். அவரிடம் பாகைமானி இருக்கவில்லை.

ஓடு நீர் குடிப்பதற்கும் அளவுண்டு. போர்சிலின் ஓடு தன் எடையில் 0.5 வீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. சுவரோடு 10 வீதத்துக்கு மேலும் குடிக்கும். கறை பிடிக்காததும் உறுதியும் போர்சிலினின் சிறப்பு. ஆனால் மேலே கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டால், சிந்திய தண்ணீர் போக இடமில்லாமல் காலுக்கும் ஓட்டுக்கும் நடுவில் படலமாக நிற்கும்.

விற்பனைக் கந்தோரில் மூன்று ஓடுகளைக் காட்டி ஆர் எண் என்னவென்று கேட்டேன். இளைஞருக்கு விளங்கவில்லை. ஆனால் நல்ல பிள்ளை, பெட்டியைத் தேடி எடுத்துவந்து படித்துச் சொன்னார். மண்டபத்துக்கான மினுங்கல் வெள்ளை ஆர் 9. குளியலறைக்கென்று வைத்திருந்ததும் ஆர் 9. சொரசொரப்பான சாம்பல் நிறம் ஒன்று ஆர் 11, வெறுங்காலுக்கு பி. அது பட்டியலுக்கு வெளியே, மேலதிகக் காசு.

"எல்லாத்துக்கும் சாம்பல்தான்" என்றேன்.

தங்கச்சி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "ஊர் வீட்டுக்கு மினுங்கல் மாபிள் போட்டது நீங்கதானே காக்கா" என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசியில் மாதிரி ஓடுகள் மூன்றையும் கேட்டு வாங்கி, பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தேன். எட்டு மணித்தியாலம் மடியில் கிடந்தன. விறாந்தையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, உம்மாவின் கம்பியை மச்சான் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, உம்மா ஒவ்வொன்றிலும் வலது காலை வைத்தார். வெள்ளையில் பெருவிரல் நழுவியது. சாம்பலில் வைத்துச் சற்று நேரம் நின்றார்.

"இதுல சிவப்பு இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். குளியலறைக்கும் உம்மாவின் அறைக்கும் அவை இரண்டுக்கும் இடையிலுள்ள நடைக்கும் சாம்பல் என்று படிவத்தில் எழுதியாயிற்று. மேலதிகக் காசை நான் தவணையில் கொடுக்கிறேன். மண்டபத்துக்கு மினுங்கல் வெள்ளைதான். அதில் என் பேச்சு எடுபடவில்லை. பாய் விரித்துக்கொள்வோம் என்கிறாள் தங்கச்சி, பாயும் வழுக்குமே என்கிறேன் நான். பேச்சு இன்னும் முடியவில்லை.